ஆற்றங்கரைத் தடத்தில் மலை மிதிவண்டி போகலாமா?

கேள்வி, ஜனவரி 11

பாதுகாக்கப்பட்ட ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் இரண்டு நாள் செலவிட இருக்கிறோம். முதல் நாள் நடை, இரண்டாம் நாள் மலை மிதிவண்டி. வரைபடத்தில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஆற்றை ஒட்டியே வளைந்து செல்லும் ஒற்றையடித் தடம் ஒன்று. சரிவின் இடுப்பில் ஓடும், முன்பு மரம் ஏற்றிவந்த அகலமான வண்டிப்பாதை மற்றொன்று. இரண்டிலுமே மிதிவண்டிக்கு வெளிப்படையான தடை இல்லை. உடன் வருபவர்களில் ஒருவர், சக்கரம் பட்டால் கரைத் தடம் பாழாகிவிடும் என்கிறார். இன்னொருவர், காலடி செய்யாத எதைச் சக்கரம் செய்துவிடப் போகிறது என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? அங்கே பழகியவர்கள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 12, காலை

முதலாமவர் சொல்வதையே நான் ஏற்கிறேன். நீங்கள் குறிப்பிடும் பள்ளத்தாக்கில் பத்தொன்பது ஆண்டுகளாக நடந்து வருகிறேன். அதில் பாதிக் காலம் மிதிவண்டியிலும் சென்றிருக்கிறேன். கரைத் தடம் கால்களுக்கு, மேல் பாதை சக்கரங்களுக்கு என்று எனக்கு நானே வகுத்துக்கொண்டு நெடுநாளாகிறது. கரை முழுவதும் வெள்ளம் கொண்டுவந்து படிய வைத்த வண்டல். காலடி அதில் தனித்தனிக் குழிகளைப் பதிக்கிறது. டயரோ அறுபடாத ஒரு கோட்டைக் கீறுகிறது. அடுத்த மழையில் அந்தக் கோடு வாய்க்காலாகிவிடும். முதல் நாள் கீழே நடங்கள், மறுநாள் மேலே வண்டியில் செல்லுங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜனவரி 12, இரவு

‘வெளிப்படையான தடை இல்லை’ என்று நீங்கள் எழுதியிருந்ததைக் காலையில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வரைபடத்தில் தடை குறிக்கப்படவில்லை என்பதை அனுமதி என்று கொள்ளக் கூடாது. இந்த விதி நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவில் மனிதக் கை படாத நிலங்களைக் காக்க 1964இல் வந்த சட்டம் ‘இயந்திரப் போக்குவரத்து’ கூடாது என்று மட்டும் சொன்னது. மிதிவண்டியும் அதில் அடங்கும் என்பதை வனத்துறை விதிகள் 1984இல்தான் தெளிவாக்கின. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைத் தடங்களில் மிதிவண்டி செல்லும் உரிமையை வழங்கியது. ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட்ட பிறகே போக வேண்டும் என்ற கடமையையும் அதனுடன் சேர்த்தே வைத்தது. நடப்பதற்கென்று மட்டும் குறிக்கப்பட்ட பாதைகளில் அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, பொறுப்புடன் நடந்துகொள்பவர் எவராயினும் நடந்தோ மிதிவண்டியிலோ பெரும்பாலான நிலங்களில் செல்லலாம் என்கிறது. ஆகவே நுழைவிடத்துப் பலகையைப் படியுங்கள். அதிலும் ஐயம் தீராவிட்டால் காவலரைக் கேளுங்கள். நம் பள்ளத்தாக்கில் இரண்டு வழியிலும் அனுமதி உண்டு, கரைத் தடத்தில் நடப்பவருக்கே முன்னுரிமை. இதை நான் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

ஜனவரி 15

வரைபடத்தை எப்படிப் படித்து வழியைத் தேர்வது என்று கேட்டிருந்தீர்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் ஆற்றைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதை தானாகவே விளங்கிவிடும்.

ஆறு வளையும் இடத்தில் நீர் வெளிப்புறக் கரையை அரித்து, உட்புறக் கரையில் மணலையும் கூழாங்கல்லையும் குவிக்கிறது. எனவே வெளிப்புறக் கரையின் விளிம்பில் செல்லும் தடம் ஒவ்வொரு பெருவெள்ளத்திற்குப் பின்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தாக வேண்டும். வரைபடத்தில் அச்சிட்ட கோடு சில இடங்களில் இப்போது ஆற்றுக்குள்ளேயே இருக்கும். நம் பள்ளத்தாக்கில் இரண்டாம் வளைவு அப்படிப்பட்டது. அங்கே விளிம்பில் புல் மூடியிருப்பதைப் பார்த்து உறுதியான நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். கீழே மண் குடைந்துபோய் வேர்கள் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும்.

உட்புறக் கரைக்கு மேலே, ஆற்றைவிட இரண்டு மூன்று ஆள் உயரத்தில், சமதளமான மேடைகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். அவை ஆறு ஒரு காலத்தில் ஓடிய பழைய தரை. ஆறு தன்னைத் தானே ஆழமாக அறுத்துக்கொண்டு இறங்கியபோது அந்தத் தரை மேலே தங்கிவிட்டது. அடியில் கூழாங்கல் இருப்பதால் நீர் வடிந்துவிடும். நடக்கவும் வண்டி ஓட்டவும் பள்ளத்தாக்கில் அதைவிட நல்ல நிலம் இல்லை. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஆற்றுக்குப் பக்கத்தில் நெருங்கி, பிறகு திடீரென விலகி, மலையடியில் மறுபடி நெருங்கினால், நடுவே விலகியிருக்கும் பகுதியே மேடை.

அடுத்து, பக்கவாட்டு ஓடைகள். ஒவ்வோர் ஓடையும் பள்ளத்தாக்கின் தரையைத் தொடும் இடத்தில் விசிறி போல் கற்களைப் பரப்பி வைக்கிறது. கரைத் தடம் அந்த விசிறியின் அடிவிளிம்பில் கடக்கும்போது நீர் பல கிளைகளாகப் பிரிந்து ஆழமின்றி இருக்கும். மேல் பாதை விசிறியின் தலைப்பகுதியில் கடக்கும்போது ஒரே ஓட்டமாக, வேகமாக இருக்கும். மேல் பாதை எப்போதும் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் மழைநாளில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நேரக் கணக்கிற்கு நடப்பவர்கள் இன்றும் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதியையே பயன்படுத்துகிறோம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். கரைத் தடம் 14 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 450 மீட்டர். கணக்குப்படி மூன்றரை மணி நேரம் வரும். நான் ஐந்துக்குக் குறைவாக ஒருமுறைகூட நடந்ததில்லை, ஏனெனில் இந்த விதி நின்று பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. மிதிவண்டிக்கு இத்தகைய விதி எதையும் நான் நம்புவதில்லை. ஒரே ஏற்றம் மண் காய்ந்திருக்கும்போது இருபது நிமிடம் எடுக்கும், நனைந்திருக்கும்போது இறங்கித் தள்ள நேர்ந்து ஒரு மணி நேரம் எடுக்கும்.

ஜனவரி 19

முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. சக்கரம் காலடியைவிட மண்ணை அதிகம் கெடுக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். உங்கள் இரண்டாம் நண்பரின் கேள்வி மனதில் நின்றதால், இதை அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடிப் படித்தேன்.

கனடாவின் ஒன்டாரியோவில் பாய்ன் பள்ளத்தாக்கு மாகாணப் பூங்கா இருக்கிறது. அதுவும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே இதுவரை எவரும் மிதிக்காத காட்டுத் தரையில் பட்டைகள் அமைத்து, சிலவற்றில் ஆட்களை நடக்கவிட்டும் சிலவற்றில் மலை மிதிவண்டியை ஓட்டவிட்டும், 25 முறை முதல் 500 முறை வரை கடக்கச் செய்து, செடிகளையும் மண்ணையும் ஒப்பிட்டார்கள். 2001இல் வெளியான அதன் முடிவு, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. பாதிப்பும் பட்டையின் நடுக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அடங்கியிருந்தது. அதற்கு முன்பே 1994இல், அமெரிக்காவின் மொன்டானாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த தடங்களை நனைத்துச் சோதித்தவர்கள், குதிரைக் குளம்பும் காலடியும் சக்கரங்களைவிட அதிக மண்ணைக் கிளறிவிடுவதைக் கண்டார்கள்.

ஆகவே ‘சக்கரம் கெடுக்கும், கால் கெடுக்காது’ என்று நான் எழுதியது தவறு. பத்தொன்பது ஆண்டு பழக்கத்தை ஆதாரமாகக் காட்டி அப்படிச் சொன்னது எனக்கே வருத்தமாக இருக்கிறது. நான் பார்த்த வாய்க்கால்கள் உண்மைதான். ஆனால் அவற்றைச் சக்கரம் மட்டும் உண்டாக்கியது என்று எதைக் கொண்டு முடிவு செய்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜனவரி 20

நேற்றைய திருத்தத்திற்கு ஒரு திருத்தம். அந்தச் சோதனைகளில் ஓட்டியவர்கள் அளவாக ஓட்டினார்கள். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புபவரை அந்த எண்கள் காப்பாற்றா. பூட்டிய சக்கரம் மண்ணின் மேல்தோலை உரித்துவிடுகிறது. முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்படி ஓட்டுபவரின் தடத்தைக் காலடித் தடத்திலிருந்து பிரித்தறிவது கடினம்.

தடம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். தடம் அமைப்பவர்களிடையே ஒரு பாதிக் கணக்கு உண்டு: தடத்தின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 விழுக்காடு என்றால் தடம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மேலிருந்து வரும் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து போவதற்குப் பதிலாகத் தடத்தின் வழியாகவே ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஓடத் தொடங்கிய பிறகு அதில் நடந்தாலும் ஓட்டினாலும் கேடு ஒன்றுதான். நம் கரைத் தடத்தில் மூன்று இறக்கங்கள் நேராக ஆற்றை நோக்கி இறங்குகின்றன. நான் குற்றம் சாட்டிவந்த வாய்க்கால்கள் மூன்றும் அந்த மூன்று இடங்களில்தான் இருக்கின்றன.

ஜனவரி 27

இதைச் சொல்லலாமா என்று ஒரு வாரம் தயங்கினேன். மண் பற்றிய வாதத்தை விட்டுவிட்டேன் என்றால், கரைத் தடத்தில் வண்டி வேண்டாம் என்று இன்னும் ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்டது நியாயம். உண்மையான காரணம் மண்ணன்று.

பள்ளத்தாக்கின் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. இரு பக்கமும் பாறை நெருங்கிவிடுவதால் கரைத் தடமும் மேல் பாதையும் அங்கே ஒன்றாகி, ஏறக்குறைய 600 மீட்டர் தூரம் ஒரே தடமாகச் செல்கின்றன. உங்கள் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அதுவே. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் மேலிருந்து வண்டியில் இறங்கி அந்த இடுக்குக்குள் நுழைந்தேன். வேகமாகப் போகவில்லை என்றே எண்ணியிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மணி அடித்தேன். மூன்றாம் திருப்பத்தில், எனக்கு நான்கு அடி முன்னால், ஒரு பெண்ணும் ஏழெட்டு வயதுக் குழந்தையும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். நான் பிரேக்கை முழுவதும் பிடித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியது. வண்டியோடு பாறைப் பக்கமாக விழுந்தேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தை ஆற்றுப் பக்கம் ஓரடி தாவியது. அந்த ஓரடிக்குப் பின்னால் தடம் எவ்வளவு மிச்சமிருந்தது என்பதை நான் எழுந்து நின்று பார்த்தேன்.

அவர்கள் மணியைக் கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பார்கள்? இடுக்குக்குள் ஆறு பாறைகளில் மோதி எழுப்பும் ஓசை இரு சுவர்களிலும் பட்டுத் திரும்புகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். காட்டுப் பாதையில் மிதிவண்டி வரும் சரசரப்பு முப்பது அடி முன்பே கேட்கும். ஆற்றோரத்தில் அந்த எச்சரிக்கை முழுவதும் அழிந்துவிடுகிறது. நடப்பவருக்குத் தடத்தில் தாம் மட்டுமே இருப்பதாகத் தோன்றும். ஓட்டுபவருக்கோ மணி அடித்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும்.

நான் சறுக்கிய இடத்தில் ஒரு கீறல் விழுந்தது. அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது அது உள்ளங்கை அகலத்திற்குப் பள்ளமாகியிருந்தது. கற்களை இட்டு நிரப்பினேன். அந்தக் கீறலைத்தான் இத்தனை ஆண்டுகளாக ‘சக்கரம் மண்ணைக் கெடுக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் போலும். அந்தக் குழந்தை தாவியதைச் சொல்வதைவிட மண்ணைச் சொல்வது எளிதாக இருந்தது.

ஜனவரி 28

வேகத்திற்கு ஏதேனும் அளவு உண்டா என்ற கேள்விக்கு: கண்ணுக்குத் தெரியும் தடத்தின் நீளத்தில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும். எதிரே வருபவரும் வண்டியில் வரலாம் என்பதால்தான் பாதி. இடுக்கின் திருப்பங்களில் கண்ணுக்கு எட்டுவது பத்தடி. ஐந்தடிக்குள் நிற்கக்கூடிய வேகம் நடைவேகமே.

பிப்ரவரி 3

விலங்குகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கு என்றால் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நானும் மூன்று வாரமாக மனிதர்களின் வசதியையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதிலும் ஒரே விடை இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில், ஆன்டிலோப் தீவில் பைசன் என்னும் காட்டெருது, மியூல் மான், மான் போன்ற பிராங்ஹார்ன் ஆகியவற்றைக் கவனித்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நடப்பவரைக் கண்டும் மிதிவண்டியைக் கண்டும் அவை விலகியதில் பெரிய வேறுபாடு இல்லை என்கிறது. தடத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்த விலங்கு ஓடிவிடும் வாய்ப்பு 70 விழுக்காடு. ஓரெகனில் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை பொருத்திப் பின்தொடர்ந்தவர்களோ, நடப்பவரைவிட மிதிவண்டியைக் கண்டு அவை அதிகம் ஓடியதையும், நான்கு சக்கர மோட்டார் வண்டியைக் கண்டு இன்னும் அதிகம் விலகியதையும் பதிவு செய்தார்கள்.

இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததில் எனக்குப் பட்டது இது. ஒருமுறை எதிர்ப்படும்போது விலங்குக்கு உண்டாகும் அச்சம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், நடப்பவர் ஒரு நாளில் 14 கிலோமீட்டர் போகிறார். மிதிவண்டியில் வருபவர் அதே நாளில் 40 கிலோமீட்டர் போகிறார். அந்த 40 கிலோமீட்டரின் இரு பக்கமும் 100 மீட்டர் அகலத்திற்கு ஒரு பட்டையை வரைந்து பாருங்கள். குறுகிய பள்ளத்தாக்கில் அது தரை முழுவதையும் மூடிவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தடம், அந்தப் பக்கம் ஒரு தடம் என்று இரண்டு இருந்துவிட்டால், நீர் குடிக்க இறங்கும் விலங்குக்கு ஆள் இல்லாத கரையே மிஞ்சாது. எதிர்க்கரையில் தடம் போட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நான் அதை ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பறவைகளுக்கு வேறு கணக்கு. பட்டாணி உப்புக்கொத்தி ஆற்றுக் கூழாங்கல் திட்டிலேயே, கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாதபடி முட்டையிடும். மீன்கொத்தி செங்குத்தான மண்கரையில் வளை தோண்டும். ஆறு அரிக்கும் வெளிப்புறக் கரையே அதற்கு வீடு. கூடு கட்டும் பருவத்தில் இந்த இரண்டு இடங்களுக்கும் பெரிய ஆபத்து சக்கரமோ நடையோ அல்ல; தடத்தை விட்டு இறங்கி ஓய்வெடுக்க உட்காருவதுதான். கூழாங்கல் திட்டு உட்காருவதற்கு அவ்வளவு அழகான இடம். முட்டை மேல் மிதிக்காவிட்டாலும், நாம் அங்கே அரை மணி நேரம் இருந்தால் பறவை அரை மணி நேரம் திரும்பாது. வெயிலில் முட்டை அவ்வளவு நேரம் தாங்காது.

பிப்ரவரி 4

அப்படியானால் யாருமே போகக் கூடாது என்கிறீர்களா என்று சற்றுக் கோபத்துடன் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போகிறவர்களால்தான் இந்தப் பள்ளத்தாக்கு காக்கப்படவும் செய்கிறது. அங்கே நடந்திராதவர் அதற்காகக் குரல் கொடுப்பது அரிது. எங்கே, எப்போது என்பதைப் பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் கஹுராங்கி தேசியப் பூங்காவில் ஹீஃபி தடம் 78 கிலோமீட்டர் நீளம் கொண்டது. கடைசிப் பகுதியில் ஹீஃபி ஆற்றைத் தொடர்ந்து கடலுக்கு இறங்குகிறது. அங்கே மலை மிதிவண்டிக்கு மே 1 முதல் நவம்பர் 30 வரை மட்டுமே அனுமதி. எஞ்சிய மாதங்கள் நடப்பவருக்கே. தென் அரைக்கோளம் என்பதால் அங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது. நடப்போர் கூட்டம் நிறையும் அந்தக் கோடையில் வண்டிகள் இல்லை, குளிர்காலத்தில் வண்டிகள் உண்டு. தடத்தை அகலப்படுத்தி, இரண்டாகப் பிளந்து, வேலி போடுவதைவிட நாட்காட்டியைப் பிளப்பது எவ்வளவு மென்மையான வழி.

நம் இடத்தில் அப்படி விதி ஏதும் இல்லை; ஆனால் நாமே செய்துகொள்ளலாம். வண்டியில் போகும் நாளில் காலை ஆறரைக்கே மேல் பாதையில் ஏறிவிட்டால், நடப்பவர்கள் இடுக்கை அடைவதற்கு முன் அதைக் கடந்துவிடலாம்.

பிப்ரவரி 16

நேற்று போய்வந்தேன். நடந்துதான் போனேன். மேல்மலையில் இரண்டு நாட்களுக்கு முன் மழை பெய்திருந்தது. பள்ளத்தாக்கில் வானம் தெளிவாக இருந்தாலும் ஆறு கலங்கி, தடித்த நிறத்தில் ஓடியது. மேல்முனைத் துறையில் தட்டையான கறுப்புக் கல் ஒன்று இருக்கிறது. அதன் முதுகு தெரிந்தால் கடக்கும் ஆழம் முழங்காலுக்குக் கீழே. முழுவதும் மூழ்கியிருந்தால் கடக்கக் கூடாது. நேற்று அதன் மேல் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் திரும்பிவிட்டேன்.

வண்டியுடன் துறையைக் கடப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே குறுகிய, ஆழமான இடத்தைவிட அகலமான, கூழாங்கல் தெரியும் இடமே நல்லது. வண்டியை உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்நீர்ப் பக்கம் இருந்தால் நீர் வண்டியைத் தள்ளி, வண்டி உங்களைத் தள்ளிவிடும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதற முடிய வேண்டும். வண்டி போனால் போகட்டும் என்று முன்னதாகவே மனதில் முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். நீருக்குள் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க நேரம் இருக்காது.

பிப்ரவரி 17

ஜனவரி 15இல் மேடைகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு பகுதி தவறு. மேடை காய்ந்த நிலம் என்றேன். மேடையின் நடுவும் ஆற்றுப்பக்க விளிம்பும்தான் அப்படி. பின்பக்கம், மலைச்சரிவு வந்து மேடையைத் தொடும் இடத்தில் ஊற்று கசிகிறது. மழையில்லாத மாதத்திலும் அங்கே சேறுதான். தடம் அந்தப் பின்பக்கத்தை ஒட்டி ஏறக்குறைய இருநூறு அடி போகிறது. நேற்று முன்தினம் அளந்தேன்: ஓரடி அகலமாக இருக்க வேண்டிய தடம் அங்கே பதினோரு அடியாக விரிந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் நடப்பவர்களே. சேற்றில் செருப்பு நனையாமலிருக்க ஒவ்வொருவரும் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார்கள்; புல் சேறாகிறது; அடுத்தவர் இன்னும் வெளியே கால் வைக்கிறார். ஓரமாகப் போன டயர்த் தடங்களும் நான்கைந்து இருந்தன.

ஆகவே முதல் நாள் நடப்பதற்குக் கணுக்கால் வரை ஏறும் காலணி அணிந்து, சேற்றின் நடுவிலேயே மிதித்துக் கடந்து போங்கள். கடினமாகத் தோன்றும், ஆனால் அந்தப் பதினோரு அடி பன்னிரண்டாகாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 2

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை. வேறோர் ஆற்றுப் பக்கம் ஓட்டிய வண்டியையும் அணிந்த காலணியையும் கழுவிக் காயவையுங்கள். டிடிமோ என்னும் ஒற்றைச்செல் பாசி 2004இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஓர் ஆற்றில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது.  ஒரு துளி நீரில் அடங்கிவிடும் அந்த உயிர் ஆற்றுப்படுகைக் கற்களைப் பஞ்சுபோல் மூடிவிடுகிறது. அங்கே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே சொற்கள்: பார், கழுவு, காயவை. தொட்டால் ஈரம் இல்லை என்ற நிலைக்குப் பின்னும் 48 மணி நேரம் காய வேண்டும் என்றார்கள். டயரின் பள்ளங்களில் ஒட்டிய மண்ணில் களைவிதையும் பயணம் செய்யும். நடப்பவரின் காலணி அடிப்பாகமும் அப்படியே.

கேட்டவர், மார்ச் 21

போய்வந்துவிட்டோம். முதல் நாள் சேற்றின் நடுவே நடந்தோம். மறுநாள் ஆறரைக்கு ஏறினோம். ஆனால் ஒரு டியூப் பஞ்சராகி நேரம் போய்விட்டது, இடுக்கை அடைந்தபோது மணி பத்து. எதிரே இரண்டு குழுக்கள் நடந்து வந்துகொண்டிருந்தன. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். நண்பர்கள் இருவரும் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் இப்போது வாதம் இடுக்கில் ஓட்டலாமா கூடாதா என்பது பற்றி.

மார்ச் 23

நீங்கள் இறங்கித் தள்ளியது மகிழ்ச்சி. ஆறரைக்குப் புறப்பட்டால் போதும் என்று நான் சொன்னதில் பஞ்சருக்கு இடம் வைக்கவில்லை. நேரத்தை நம்பி இடுக்கைக் கடக்கலாம் என்ற அந்த யோசனையை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஆறரைக்குப் புறப்பட்டாலும் எட்டரைக்குப் புறப்பட்டாலும் அந்த 600 மீட்டரில் இறங்கிவிடுவதே சரி.

நேற்று வண்டியுடன் போய் இரண்டு முறை நேரம் பார்த்தேன். யாரும் இல்லாத விடியலில் மெதுவாக ஓட்டியபோது நான்கு நிமிடம். திரும்பி வரும்போது இறங்கித் தள்ளியதில் பதினொன்று. தள்ளி வரும்போதுதான் அந்த மூன்றாம் திருப்பத்தில் ஆற்றுப் பக்கமாக நான் எப்போதும் நின்று பார்க்காத சிறு அருவி ஒன்று பாறைக்குள்ளிருந்து விழுவதைக் கண்டேன். ஏழு நிமிடம் கூடுதல். பயணக் கணக்கில் அதை இனி எழுதியே புறப்படுகிறேன்.